திருகோணமலைக் குன்றுகளில் கைக்கருவி கொண்டு இரத்தினக்கல் தோண்டலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: “அமெரிக்காவில் கொலராடோ மலை உச்சியில் ஆட்கள் அலவாங்கும் உளியும் வைத்துக்கொண்டு நீலநிறப் பளிங்குகளைத் தோண்டி எடுக்கும் வீடியோக்களைப் பார்த்தேன். கன்னியா, கந்தளாய்ப் பக்கத்துக் குன்றுகளிலும் வெள்ளைக்கல் மின்னுகிறது. அரச காணிதானே, நாமும் போய்த் தோண்டலாமா? என்ன கருவிகள் வேண்டும்?”

அரச குன்றில் அனுமதியில்லாமல் ஒரு குழிகூட வெட்ட முடியாது. அது சட்டம். அதைவிட முக்கியமான விடயம், வெட்டினாலும் அந்த வீடியோவில் வருவது இங்கே வராது. அது பாறையின் இயல்பு. இங்கே கல் தேட வேண்டிய இடம் குன்றின் உச்சி அல்ல, அதன் அடிவாரத்துப் பள்ளமும் பழைய ஆற்றுப் படிவும்தான். கருவிகளும் அதற்கேற்ப மாறும்.

முதலில் கொலராடோவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் பார்த்தது அநேகமாக அன்டீரோ மலையாக இருக்கும். 14,000 அடிக்கு மேல் உயரம், தேசிய வனத்துக்குள் இருக்கிறது. அங்கே கிடைப்பது அக்வாமரைன் என்ற நீலநிறப் பளிங்கு. 1971 முதல் அதுதான் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ இரத்தினக்கல். அமெரிக்காவில் 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பொதுக் காணியில் கனிமம் கண்டவர் எல்லைக்கம்பு நட்டு, பதிவு செய்து, ஆண்டுக் கட்டணம் கட்டி, அந்தத் துண்டில் அகழும் உரிமையைப் பெறலாம். பாறை நரம்புக்கான துண்டு அதிகபட்சம் 1,500 அடி நீளம், 600 அடி அகலம். இயந்திரமில்லாமல், நிலத்தைப் பெரிதாகக் குலைக்காமல், கைக்கருவியால் மட்டும் தோண்டுபவருக்கு நடைமுறைகள் மிகவும் இலகு. ஆனாலும் அன்டீரோவின் நல்ல இடங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் பதிவில் இருக்கின்றன. அடுத்தவர் துண்டுக்குள் போய்க் கல் எடுத்தால் அங்கேயும் அது களவுதான். வீடியோக்களில் இந்தப் பகுதியை யாரும் காட்டுவதில்லை.

அந்தப் பாறை எப்படிப்பட்டது என்பதுதான் விடயமே. கருங்கற் குழம்பு பூமிக்குள் சில கிலோமீற்றர் ஆழத்தில் இறுகும்போது, கடைசியாக மிஞ்சும் நீரும் வாயுவும் நிறைந்த குழம்பு பிளவுகளில் போய் உறைகிறது. அதுதான் பெக்மடைட், பரும்படிகப் பாறை. அமுக்கம் குறைவாக இருப்பதால் அதற்குள் வெற்றிடங்கள் மிஞ்சுகின்றன. அந்தப் பொந்துகளின் சுவரில்தான் பளிங்குகள் தடையின்றி, முகங்கள் தெளிவாக வளர்கின்றன. அன்டீரோவில் ஒரே பொந்தில் அக்வாமரைன், புகைநிறக் குவார்ட்ஸ் (நம் ஊர் வெள்ளைக்கல்லின் கனிமமும் குவார்ட்ஸ்தான்), ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிறிய பாறைக்கனிமம், புளோரைட் எல்லாம் சேர்ந்து கிடைக்கும்.

பொந்தைத் தேடும் முறை கீழிருந்து மேலே போவது. சரிவில் உதிர்ந்து கிடக்கும் குவார்ட்ஸ் துண்டுகளில் தட்டையான, பளபளப்பான இயற்கை முகம் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஏறுவார்கள். உடைந்த முகத்துக்கும் வளர்ந்த முகத்துக்கும் வித்தியாசம் உண்டு. உடைந்தது சிப்பியின் உட்புறம்போல் வளைந்திருக்கும். வளர்ந்தது தட்டையாக, பெரும்பாலும் குறுக்குக் கோடுகளோடு இருக்கும். முகமுள்ள துண்டுகள் எந்த உயரத்தில் நின்றுபோகின்றனவோ, அதற்குச் சற்று மேலே சரிவுக்குக் குறுக்காக ஒரு முழ ஆழத்துக்குக் கால்வாய் வெட்டுவார்கள். நரம்பு தட்டுப்பட்டதும் அதன் வழியே போவார்கள். பாறையின் படிகங்கள் பெரிதாகிக்கொண்டே போவது, ஃபெல்ட்ஸ்பாருக்குள் குவார்ட்ஸ் எழுத்துப்போல் கோடுகோடாகத் தெரிவது, பிறகு பழுப்பு அல்லது சிவப்புக் களிமண் கசிவது, இவை வரிசையாக வந்தால் பொந்து அருகில் இருக்கிறது.

களிமண் தெரிந்த கணத்திலிருந்து இரும்பைக் கீழே வைத்துவிட வேண்டும். இதில்தான் புதியவர்கள் கெடுக்கிறார்கள். அலவாங்கின் நுனி ஒருமுறை உள்ளே வழுக்கிப் போனால், பல கோடி ஆண்டு உடையாமல் இருந்த பளிங்கின் முனை போய்விடும்; முனை போன பளிங்குக்குச் சேகரிப்பாளரிடம் விலையில்லை. மூங்கில் குச்சி, மரக்கரண்டி, விரல், இவ்வளவுதான் பொந்துக்குள் போகலாம். வெளியே எடுத்த பளிங்கைக் களிமண்ணோடேயே ஈரத்தாளில் சுற்றி நிழலில் வைப்பார்கள். குளிர்ந்த நிலத்துக்குள் இருந்த கல்லை உச்சி வெயிலில் வைத்தால் உள்ளே மயிரிழை வெடிப்பு ஓடும். “கழுவிப் பார்ப்போம்” என்று சுடுநீர் ஊற்றுவதும் அதே கேடுதான்.

இனி நம் பக்கம். துறைமுகத்தைச் சுற்றியும் உள்ளேயும் ஓடும் வெண்மையான குன்றுத்தொடர்களில் பெரும்பகுதி குவார்ட்சைட். பழைய மணற்கல் வெப்பத்திலும் அமுக்கத்திலும் மறுபடி உருகாமலே இறுகி உருவான பாறை. வெயிலில் சீனிக்கட்டிபோல் மின்னும், ஆனால் மணிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் தனிப் பளிங்கு வளர இடமே இருந்திருக்காது. அதற்கு அடுத்து வரும் பட்டைப்பட்டையான நைஸ் பாறையில் செம்மணிகளாகக் கார்னெட் தெரியும். அதைப் பார்த்துத்தான் பலர் ஆசைப்படுகிறார்கள். இலங்கையின் நடுப்பகுதியிலிருந்து இங்குவரை நீளும் இந்தப் பாறைகள் ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் 20 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் வெந்தவை. அந்த அமுக்கத்தில் பொந்து எதுவும் திறந்திருக்க முடியாது. பாறைக்குள் இருக்கும் கார்னெட் பெரும்பாலும் நொறுங்கிய நிலையில்தான் இருக்கும். சம்மட்டியால் உடைத்து எடுத்தால் கையில் வருவது சிவப்புத் தூள்.

இங்கே வேலையை ஆறு செய்து வைத்திருக்கிறது. பாறை சிதைந்து அடித்துச் செல்லப்படும்போது வெடிப்புள்ள கல் வழியிலேயே நொறுங்கிப்போகும். வெடிப்பில்லாத, கடினமான, பாரமான கல் மட்டும் தப்பிப் பழைய ஆற்றுப்படுகையின் சரளையில் தங்கும். அந்தச் சரளைப் படையைத்தான் நாடு முழுவதும் இல்லம் என்கிறார்கள். இரத்தினபுரியில் நடப்பதும் இதுதான், மகாவலியின் கிளையான அம்பன் கங்கைப் பக்கம் எலகரயில் நடப்பதும் இதுதான். நம் மாவட்டத்திலேயே இதன் கடைசிக் கட்டத்தைப் பார்க்கலாம்: புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன், கார்னெட் எல்லாம் அலை பிரித்துவைத்த பாரமான கனிமங்கள். (அது அரச நிறுவனத்தின் அகழ்வுப் பகுதி, ஒரு பை அள்ளிக்கொண்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம்.) எலகரபோல் நிரூபிக்கப்பட்ட இரத்தினக்கல் வயல் திருகோணமலை நகரைச் சுற்றி இல்லை. சரளை இருந்தால் கல் இருக்கும் என்று எவராவது உறுதி சொன்னால், அவர் காணி விற்க வந்தவராக இருக்கக்கூடும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் உங்கள் சொந்த வளவில்கூட இரத்தினக்கல்லுக்காக அகழ முடியாது. வெண்குவார்ட்ஸ் போன்ற மற்றக் கனிமங்கள் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் கீழ் வருகின்றன. குன்று ஒதுக்கப்பட்ட காடாக இருந்தால் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் குறுக்கே வரும். அமெரிக்காவில் உள்ளதுபோல் கம்பு நட்டு உரிமை கோரும் ஏற்பாடு இங்கே கிடையாது. அரச காணியில் அகழ வேண்டுமென்றால் அதிகாரசபை ஏலம் விடும் துண்டுகளை எடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நம் மாவட்டத்தில் ஆளை மாட்டவைப்பது தொல்பொருள். திரியாய், சேருவில என்று பழைய கட்டட எச்சங்கள் இல்லாத திசை குறைவு. புதரால் மூடிய செங்கல் மேடும் இயற்கைக் குன்றும் தூரத்தில் ஒன்றாகத்தான் தெரியும். இரவிலோ விடியற்காலையிலோ அலவாங்கு, மண்வெட்டி, டோர்ச் லைட்டோடு குன்றில் நிற்பவரைப் பொலிஸார் புதையல் தோண்ட வந்தவர் என்றுதான் எடுப்பார்கள். “நான் பளிங்குக்கல் தேடினேன்” என்பது நீதிமன்றம்வரை போய்த்தான் விளக்க வேண்டிய கதையாகிவிடும். போர்க்காலத்தில் முகாமும் காவலரணும் இருந்த உயரங்களில் வெடிபொருள் கிடக்கும் சாத்தியம் வேறு. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதால் இடம் சுத்தம் என்று பொருளல்ல. துருப்பிடித்த உலோகம் எதுவும் தட்டுப்பட்டால் கை வைக்காமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

ஆகவே செய்யக்கூடியது இது. உறவினருக்கோ உங்களுக்கோ உறுதியுள்ள காணி, பழைய ஆற்றுப் படிவுள்ள பகுதியில், மாவட்டத்துக்குள்ளோ எலகரப் பக்கமோ இருந்தால், உறுதி, காணி வரைபடம், கூட்டு உரிமையாளர்களின் சம்மதம் இவற்றோடு அதிகாரசபைக்கு விண்ணப்பியுங்கள். அலுவலர் வந்து இடம் பார்ப்பார். குழியை மூடுவதற்கான பிணைப்பணம் கட்ட வேண்டும். அதை வீண் செலவு என்று பலர் முணுமுணுக்கிறார்கள். மூடாமல் விட்ட இரத்தினக்கல் குழிகளில் தேங்கிய தண்ணீர் ஒருகாலத்தில் எலகரப் பக்கம் மலேரியா நுளம்புக்குத் தொட்டிலாக இருந்தது. 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்துவிட்டாலும், நுளம்பு இன்னும் இருக்கிறது. மாடு விழுந்து சாவதும் இருக்கிறது.

அனுமதி கையில் வந்த பிறகு காலம் பார்க்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று மழையில் இங்கே குழி நிற்காது. மாசிக்குப் பிறகு நிலத்தடி நீர் இறங்கத் தொடங்கும். வைகாசி முதல் ஆவணி வரை மிக வசதி.

சோதனைக் குழி மூன்றடிக்கு மூன்றடி போதும். கருவிகள்: ஐந்தடி அலவாங்கு ஒன்று, பிக்காசு ஒன்று, குறுகிய வாயுள்ள மண்வெட்டி ஒன்று, இரண்டு கடகம், கயிறு கட்டிய வாளி. வெட்டிய மண்ணைக் குழி விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீற்றர் தள்ளிக் கொட்டுங்கள். விளிம்பிலேயே குவித்தால் அதன் பாரம் சுவரைத் தள்ளும். மேல்மண், அடிமண், சரளை மூன்றையும் தனித்தனிக் குவியலாக வையுங்கள், திரும்ப மூடும்போது அதே ஒழுங்கில் போடலாம். நாலடிக்குக் கீழே போனால் மரச்சட்டமும் குறுக்குத் தடிகளும் வைக்காமல் இறங்கக் கூடாது. சரளை தெரிந்ததும் ஆசையில் அதன் பக்கமாகக் குடைந்துகொண்டு போவது வழக்கம். ஆள் புதையும் விபத்துகள் அப்படித்தான் நடக்கின்றன. ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் மேலே நிற்க வேண்டும்.

இல்லம் வந்துவிட்டதை அலவாங்கே சொல்லும். களிமண்ணில் சத்தமில்லாமல் இறங்கிய நுனி, திடீரென்று கரகரவென்று உரசும். அள்ளிப் பார்த்தால் உருண்டு தேய்ந்த குவார்ட்ஸ் கூழாங்கற்கள், இடையில் களிமண்ணும் மணலும். கூர்முனை மாறாத சல்லிக்கல் மட்டும் வந்தால் அது ஆறு கொண்டுவந்ததல்ல, அந்த இடத்துப் பாறையே சிதைந்தது. இன்னும் தோண்டுவதில் பயன் குறைவு. உருண்ட சரளையில் கறுப்பு மணிகளும், பாரமான சிறு சிவப்புக் கற்களும் சேர்ந்து வந்தால் மட்டும் மேற்கொண்டு கழுவலாம்.

கழுவும் முறையில்தான் கல் கிடைப்பதும் தொலைவதும். அள்ளிய சரளையை நேரே அரிதட்டில் போடாதீர்கள். பீப்பாய் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது ஊறவிட்டுக் கையால் பிசைய வேண்டும். களிமண் உருண்டையாகவே உருண்டுபோனால், உள்ளே இருக்கும் கல்லும் அதனோடு வெளியே போய்விடும். இரண்டு அரிதட்டு வேண்டும்: மேலே 12 மில்லிமீற்றர் கண், கீழே 2 அல்லது 3 மில்லிமீற்றர் கண். மேல்தட்டில் நிற்பதைக் கண்ணால் பார்த்துத் தள்ளுங்கள்; பெரிய கல் என்பதால் அவசரமாக வீசிவிடுகிறார்கள், அதையும் நனைத்துத்தான் பார்க்க வேண்டும். கீழ்த்தட்டில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. தண்ணீருக்குள் மட்டமாகப் பிடித்து, மேலும் கீழுமாகச் சின்னச் சின்னத் துள்ளல், இடையிடையே தட்டைக் கால்வட்டம் திருப்புதல். துள்ளும்போது இலேசான குவார்ட்ஸ் மேலே வரும், பாரமானது இறங்கி நடுவில் சேரும். முப்பது நாற்பது துள்ளலுக்குப் பிறகு நனைந்த சாக்கின்மேல் ஒரே வீச்சில் கவிழ்த்துவிடுங்கள். அடியில் இருந்தது இப்போது மேலே இருக்கும். நடுவில் கறுத்த வட்டம் ஒன்று தெரிந்தால் கழுவியது சரி. கறுப்பு எங்கும் பரவிக் கிடந்தால் தட்டைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். ஈரம் காய்வதற்குள், வெயிலை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த வட்டத்தைக் கல் கல்லாகப் பாருங்கள். காய்ந்த நீலக்கல்லும் காய்ந்த கூழாங்கல்லும் ஒரே சாம்பல் நிறத்தில்தான் இருக்கும்.

கழுவிய சேற்றுநீரை வாய்க்காலிலோ குளத்திலோ விடாமல் சிறு பள்ளம் வெட்டித் தேக்கிவிடுங்கள். வயற்சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. தொடங்குவதற்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள்.

கையில் கிடைத்த கல் என்ன என்று பார்க்க, கண்ணாடியைக் கீறிப் பார்ப்பது ஊரில் வழக்கம். அது பயனற்ற சோதனை. குவார்ட்ஸும் கண்ணாடியைக் கீறும். அடர்த்தி பாருங்கள், நகை நிறுக்கும் 0.01 கிராம் தராசு ஒன்று போதும். முதலில் கல்லைக் காய்ந்த நிலையில் நிறுங்கள். பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய கல்லை அடியிலும் சுவரிலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை அதனால் பிரித்தால் விடை. 4.80 கிராம் கல் தண்ணீரில் 1.81 காட்டினால் 2.65, குவார்ட்ஸ். 1.33 காட்டினால் ஏறத்தாழ 3.6, ஸ்பைனல் என்ற இரத்தினக்கல்லாகவோ கோமேதகமாகவோ இருக்கலாம். 1.20 என்றால் 4.0, நீலமும் கெம்பும் புஷ்பராகமும் சேர்ந்த கொரண்டம் இந்த எண்ணில்தான் வரும், ஆனால் சில கார்னெட்டும் இதன் அருகில் வரும். சிர்கோன் 4.6ஐத் தாண்டலாம். கல்லில் ஒட்டும் காற்றுக்குமிழ் கணக்கைக் கெடுக்கும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழ் நிற்காது. அரைக் கிராமுக்குக் குறைந்த கல்லில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், தராசின் சின்னப் பிழையே 4.0ஐ 3.7 ஆக்கிவிடும்.

சிவப்புக் கல் கார்னெட்டா ஸ்பைனலா என்ற சந்தேகத்துக்கு வலுவான நியோடிமியம் காந்தம் உதவும். கல்லை நூலில் தொங்கவிட்டுக் காந்தத்தை அருகில் கொண்டுபோனால், இரும்புச் சத்துள்ள கார்னெட் தெளிவாக அசையும். கொரண்டத்தின் வடிவமும் உதவும்: நடு பருத்து இருபுறமும் ஒடுங்கிய பீப்பாய் வடிவம், குறுக்கே படிப்படியான கோடுகள், ஆறுபக்க வெட்டுமுகம். பால்போல் மங்கிய கொரண்டம் கிடைத்தால் எறிந்துவிட வேண்டாம். கெவுட என்று சொல்லும் அந்த வகையைச் சூடேற்றி நீலமாக்குபவர்கள் அதற்கும் விலை கொடுப்பார்கள். நீங்களே அடுப்பில் வைத்துப் பார்க்காதீர்கள். அதற்கு 1,500 பாகைக்கு மேல் வெப்பமும் கட்டுப்படுத்திய உலையும் வேண்டும். கடற்கரையில் பொறுக்கும் தேய்ந்த போத்தல் கண்ணாடிதான் நம் ஊரில் மிக அதிகமாக “நீலக்கல்” என்று காட்டப்படுவது. அதன் அடர்த்தி 2.5 அளவில் நிற்கும், உள்ளே உருண்டைக் குமிழ் தெரியும்.

பளிங்கில் துருக்கறை இருந்தால் ஒக்ஸாலிக் அமிலம் எடுக்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 80 கிராம், பிளாஸ்டிக் வாளியில், மூடிவைத்து, ஓரிரு வாரம். உலோகப் பாத்திரம் கூடாது. தூள் மூக்கில் போகக் கூடாது, கையுறை கட்டாயம், பிள்ளைகள் எட்டாத இடம் கட்டாயம். விழுங்கினால் சிறுநீரகம் போகும். இங்கே கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதில் கரைத்தால் கல்லின்மேல் வெள்ளைப் படிவு ஒட்டிக்கொண்டு பிறகு எதற்கும் போகாது. மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ பாவியுங்கள். முடிந்ததும் அப்பச்சோடா போட்டு நுரை நிற்கும்வரை நடுநிலையாக்கி, கல்லைச் சுத்தத் தண்ணீரில் சில நாட்கள், தினமும் நீர் மாற்றி ஊறவிடுங்கள்.

விற்பதாக இருந்தால், முதலில் வீடு தேடி வருபவருக்குக் கொடுக்காமல் அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் அறிக்கை எடுங்கள். பிறகு அனுமதி பெற்ற வியாபாரிகள் இருவருக்காவது, வெவ்வேறு நாளில், காலை வெளிச்சத்தில் காட்டுங்கள். பட்டை தீட்டிக் கொடுக்க வேண்டாம். பட்டை தீட்டாத கல்லை எந்தப் பக்கம் வெட்டினால் நிறம் நிற்கும் என்பதை வாங்குபவரே முடிவு செய்ய விரும்புவார், தவறாக வெட்டிய கல்லில் அந்த வாய்ப்பு திரும்பி வராது.